காலடி எந்தப் பக்கம்

ஆன்லைன் விளையாட்டு சர்வரில் அவருக்குப் பெயர் ‘காது’. பகலில் அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளில் கிரீஸும் கையுமாக நிற்பவர். மாலையில் வீட்டுக்கு வந்து குளித்து, டீ குடித்து, கூடத்து ஓரத்து மேஜையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் மனைவி பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் எதிரி மூச்சு விட்டால் மட்டும் திரும்புவார்.

அவர் ஆடிய துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ரொம்பப் பழசு. இரண்டு அணிகள். ஒன்று குண்டு வைக்க வரும், மற்றது தடுக்கும். ஒருமுறை சுடப்பட்டு விழுந்துவிட்டால் அந்த ரவுண்டு முடியும்வரை எழுந்திருக்க முடியாது. மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எதிரி எங்கே என்று காட்டும் அம்புக்குறியெல்லாம் கிடையாது. காதில் விழுவதுதான் சேதி. பலகையில் நடந்தால் ஒரு சத்தம், இரும்புப் படியில் ஏறினால் வேறு சத்தம், மணலில் இன்னொன்று. அதைப் பிரித்துச் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. “கிடங்குக்குப் பின்னாடி, இரும்புப் படி. ரெண்டு பேர். ஒருத்தன் நின்னுட்டான்” என்பார். போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

ஒரு புது ஆள் வந்து மூன்று ரவுண்டு தொடர்ந்து செத்துவிட்டு, இந்த ஆள் ஏதோ ஏமாற்று வேலை செய்கிறார் என்று புகார் கொடுத்தான். சர்வரை நடத்துகிற பஞ்சர் முழு ஆட்டத்தையும் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, ஏமாற்றெல்லாம் இல்லை, காது என்று தீர்ப்பு எழுதினார். பெயர் ஒட்டிக்கொண்டது. பஞ்சருக்கு அதே ஊரில் ஜெராக்ஸ் கடை. ரவுண்டு தொடங்கியதும் முதல் ஆளாக ஓடி முதல் ஆளாகச் சாய்ந்துவிடுவார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். மற்றவர்களில் ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் டிரைவர், ஒரு கணக்கு வாத்தியார் என்று பல தொழில்காரர்கள். தினமும் அதே ஆட்கள்தான். யார் எந்த மூலையில் பதுங்குவார், யாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், யார் வீட்டில் சாப்பிடக் கூப்பிடும் நேரம் எது என்பதெல்லாம் எல்லோருக்கும் அத்துப்படி.

மனைவியின் தங்கைக்கு அந்த ஊரில் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை கிடைத்து, அவர்கள் வீட்டிலேயே வந்து தங்கினாள். பெட்டிகளோடு ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. அதை அவர் மேஜையிலேயே இன்னொரு முனையில் வைத்துக்கொண்டாள். அவளும் துப்பாக்கி விளையாட்டுதான் ஆடுவாள், ஆனால் புதுசு. அதில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு வித்தை உண்டு. ஒருத்தன் நினைத்த இடத்தில் சுவர் எழுப்புவான், ஒருத்தி புகையைக் கிளப்புவாள், இன்னொருத்தி அடிபட்டவனுக்கு வைத்தியம் பார்ப்பாள். செத்தவன் கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிடுவான். யாரோடு ஆடுவது என்பதை மெஷினே முடிவு செய்து, உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் ஆட்களை ஒன்றாகக் கோத்துவிடும். ஆட்டம் முடிந்ததும் அவரவர் வழியில் போய்விடுவார்கள்.

மச்சினிக்கும் அவருக்கும் பொழுது போவதே இந்தச் சண்டையில்தான். அவளுடைய ஸ்கிரீனைப் பார்த்து, இது சண்டையா இல்லை லைட் கடையா என்று கேட்பார். சாகிறவன் எல்லாம் எழுந்து வந்துவிட்டால் எதற்குச் சாக வேண்டும் என்பார். அவள் விட மாட்டாள். அவருடைய விளையாட்டில் சுடுகிற நேரத்தைவிட உட்கார்ந்து காத்திருக்கிற நேரம்தான் அதிகம், டாக்டர் வீட்டில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பாள்.

“இத்தனை வருஷமா அதே கிடங்கு, அதே படி. சலிக்கலையா அத்தான்?”

“நம்ம வீட்டு வாசக்கதவும்தான் தினம் அதே கதவு. சலிக்குதா? உன் விளையாட்டுல நேத்து எட்டடி இருந்த சுவர் இன்னிக்கு ஆறடி. ஒரு ஆட்டத்தைக் கத்துக்கறதுக்குள்ள அது வேற ஆட்டமாயிடுது.”

மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்த மனைவி, இரண்டு பேரும் சுட்டுக்கொண்டது போதும், யாராவது எழுந்து தட்டு எடுத்து வையுங்கள் என்பாள். அதோடு அன்றைய வழக்கு தள்ளிவைக்கப்படும்.

ஒரு நாள் காலையில் எழுந்தபோது அவருடைய இடது காதில் பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது. தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டார். வேலைக்குப் போகும் வழியில் போனை அந்தக் காதில் வைத்தால் சத்தமே இல்லை. போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து வலது காதுக்கு மாற்றினார். மேஸ்திரி தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

காது மூக்கு தொண்டை டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து ஒலி கொடுத்துப் பார்த்தார். நரம்பில் வந்த கோளாறு, சிலருக்குத் திடீரென்று இப்படி ஆகிவிடும், காரணம் சொல்ல முடியாது என்றார். மாத்திரையும் ஊசியுமாகச் சில வாரங்கள் போயின. கொஞ்சம் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டில் மூடிய அறைக்குள் ரேடியோ பாடுகிற அளவுக்கு. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம், வலது காது நன்றாக இருக்கிறது, பயமில்லை என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் மனைவி சொன்னாள்.

“ஒரு நல்லது இருக்கு. இனிமே நான் சொல்றதை ஒரு காதுல வாங்கி இன்னொரு காது வழியா விட முடியாது.”

அவர் சிரித்துவிட்டார். நாட்கணக்காகச் சிரிக்காமலிருந்த சிரிப்பு. அவளும் சிரித்தாள், பிறகு சமையலறைக்குப் போய் மூக்கைச் சிந்தினாள்.

வேலையில் பெரிய சிக்கல் வரவில்லை. லிஃப்ட் குழிக்குள் நிற்கும்போது மேலேயிருந்து குரல் வருகிறதா கீழேயிருந்தா என்று தெரியாதவரை அங்கே நிறுத்துவது ஆபத்து என்று மேஸ்திரி அவரைப் பட்டறைக்கு மாற்றினார். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஒயர் பூட்டுகிற வேலை. உட்கார்ந்து செய்யலாம், நல்ல வெளிச்சம், சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பாடு. முட்டிவலியும் குறைந்தது. இத்தனை நாள் எதற்கு மேலே ஏறிக்கொண்டிருந்தோம் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

விளையாட்டுதான் கைவிட்டது. உடம்பு தேறி முதல் நாள் சர்வருக்குள் நுழைந்தபோது ஆளாளுக்கு வரவேற்றார்கள். ரவுண்டு தொடங்கியது. காலடி கேட்டது, இரும்புப் படிதான், இரண்டு பேர்தான். ஆனால் எந்தப் பக்கம்? கிடங்குப் பக்கமும் ஓர் இரும்புப் படி, தெருமுனையில் இன்னொன்று. முன்பெல்லாம் யோசிக்காமல் தெரிந்த விஷயம் அது. இப்போது எல்லாச் சத்தமும் வலது பக்கமே வந்தது. குத்துமதிப்பாகக் கிடங்கு என்றார். மொத்த அணியும் அங்கே திரும்ப, எதிரிகள் தெருமுனையிலிருந்து வந்து முதுகில் சுட்டார்கள். அடுத்த ரவுண்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். திட்டியிருந்தால் தேவலை. பரவாயில்லை காது, பரவாயில்லை என்று பஞ்சர் சொல்லிக்கொண்டே இருந்ததுதான் தாங்கவில்லை.

அவர்களிடம் அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை. ‘காது’ என்று பெயர் வாங்கியவன் காது போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? வேலை அதிகம் என்று செய்தி அனுப்பிவிட்டு சர்வர் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார். மாலை நேரங்களில் டிவி பார்த்தார். டிவியைப் பார்த்துக்கொண்டே மேஜையைப் பார்த்தார்.

மச்சினி சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு விடுமுறை நாளில் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தாள். அவளுடைய விளையாட்டில் ஒரு வசதி உண்டு. காலடிச் சத்தம் வரும் திசையை ஸ்கிரீனில் ஒரு வளையமாகக் காட்டும். இடது பக்கம் வந்தால் வளையத்தின் இடது ஓரம் மினுங்கும். காது கேட்காதவர்களும் ஆடட்டும் என்று வைத்திருக்கிறார்கள். பேசக்கூட வேண்டாம், ஒரு பொத்தானை அழுத்தினால் எதிரி இருக்கும் இடத்தில் மற்றவர்களுக்கு அடையாளம் தெரியும்.

அவர் கையைக் கட்டிக்கொண்டார். அதெல்லாம் நேர்மையான ஆட்டமில்லை, உள்ளதை வைத்து ஆடுவதுதான் ஆட்டம் என்றார்.

“உள்ளதை வெச்சா?” என்று கேட்டாள் மச்சினி. “அப்ப அந்தக் கண்ணாடியைக் கழட்டிட்டு ஆடுங்க அத்தான்.”

அவர் மூக்குக்கண்ணாடி இல்லாமல் எதிரே இருக்கும் கடிகாரத்தில் மணி பார்க்க முடியாதவர். கட்டிய கையை அவிழ்த்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சத்தமாகச் சிரித்தது வலது காதில் நன்றாகக் கேட்டது.

முதல் சில நாட்கள் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. எந்த வெளிச்சம் நம்முடையது, எது எதிரியுடையது என்று பிடிபடவில்லை. சொந்த அணிக்காரன் எழுப்பிய சுவரில் போய் முட்டி நின்று அதைச் சுட்டுக்கொண்டிருந்தார். முகம் தெரியாத யாரோ அவரைத் தூங்குமூஞ்சி என்று எழுதினான். பிறகு மச்சினி அவருக்கு ஒரு காவல்காரப் பாத்திரத்தைக் காட்டினாள். வாசல்களில் கண்ணுக்குத் தெரியாத கம்பி கட்டி, ஆள் வந்தால் எச்சரிக்கை கொடுப்பதுதான் அவன் வித்தை. அது அவருக்குப் பொருந்திப்போனது. ஒரு ஆள் எந்த வாசல் வழியாக வருவான், எப்போது பொறுமை இழப்பான், வந்தால் எந்தப் பக்கம் முதலில் பார்ப்பான் என்பது காதால் தெரிந்துகொள்ளும் விஷயமே இல்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இத்தனை வருஷமும் பாதி ஆட்டத்தை அவர் தலையால் ஆடியிருக்கிறார்; பெயரைக் காது தட்டிக்கொண்டு போயிருக்கிறது.

புது விளையாட்டில் அவருக்குப் பிடித்ததும் இருந்தது, பிடிக்காததும் இருந்தது. அது யாரையும் வெளியே உட்காரவைக்கவில்லை. சுடத் தெரியாதவனுக்கும் ஒரு வேலை கொடுத்தது. ஆனால் ஒரு அருமையான ஆட்டம் ஆடி முடித்துவிட்டு, அந்த நாலு பேரிடம் நன்றாக ஆடினீர்கள் என்று சொல்வதற்குள் அவர்கள் காணாமல் போயிருப்பார்கள். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் மாதிரி. யாருடைய வீட்டிலும் யார் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு மாலை பட்டறையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தபோது யாரோ ஓடிவந்து தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். பஞ்சர். மூச்சு வாங்கியது, கையில் ஒரு காகிதக் கட்டு வேறு.

“கடை வாசல்ல நின்னு தொண்டை கிழியக் கத்தறேன். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டியா?”

பஞ்சரின் கடை தெருவின் இடது பக்கம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பஞ்சரைப் பார்த்தார், அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். காலையில் எழுந்தது, போன், ஊசி, அந்த இரும்புப் படி. பஞ்சர் காகிதக் கட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“நாங்க என்ன நினைச்சோம் தெரியுமா? எங்க கூட்டம் உனக்குப் புளிச்சுப் போச்சு, கழண்டுக்கறதுக்காக நீ வேணும்னே தப்பா சொல்றேன்னு நினைச்சோம். பல் டாக்டர் மூணு நாள் மைக்கையே போடல.”

“சொல்ல வெக்கமா இருந்துச்சுடா.”

“நான் இத்தனை வருஷமா முதல் ஆளா செத்துட்டிருக்கேன். எனக்கே வெக்கமில்ல” என்றார் பஞ்சர். “அப்ப இனிமே உன்னை அரைக் காதுன்னா கூப்பிடறது?”

இரண்டு பேரும் தெருவில் நின்று சிரித்ததில் சைக்கிளில் போனவர் ஒதுங்கிப் போனார்.

அன்றே சர்வரில் எல்லோருக்கும் விஷயம் போய்விட்டது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அந்த சர்வரில் செத்தவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. செத்தவன் பார்த்ததை உயிரோடு இருப்பவனுக்குச் சொன்னால் ஆட்டமே கெட்டுவிடும். காதுக்காக மட்டும் அந்த விதியைத் தளர்த்தலாம் என்றார் வாத்தியார். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. அது அழுகுணி ஆட்டம், வேண்டாம் என்றுவிட்டார். பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். மச்சினி தன் விளையாட்டில் யாருக்கோ வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்குக் காது எப்படி?” என்று கேட்டார்.

அவள் நாளெல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து பதற்றத்தில் உளறுகிறவர்களின் பேச்சுக்குப் பின்னால் என்ன கேட்கிறது என்று கவனிப்பதையே வேலையாகச் செய்கிறவள். வண்டிச் சத்தம் கேட்கிறதா, தண்ணீர் கொட்டுகிறதா, மூச்சு எப்படி வருகிறது. தோன்றுவதைச் சொல்லக் கூடாது, கேட்பதை மட்டும் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் பயிற்சி. வேண்டாவெறுப்பாகத்தான் பழைய விளையாட்டுக்குள் வந்தாள். ஆனால் வந்த முதல் நாளே, இடது பக்கம், உயரத்தில், பலகை, ஒரே ஆள் என்று அடுக்கினாள். அந்தப் பலகை எது, அங்கே வருகிறவன் அடுத்து எங்கே போவான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அது இவருக்குத் தெரியும். அவள் கேட்டதைச் சொன்னாள், இவர் அதற்கு அர்த்தம் சொன்னார், மற்றவர்கள் சுட்டார்கள். பல் டாக்டர் மைக்கைப் போட்டுக்கொண்டு விசிலடித்தார்.

வேறொரு சர்வர்க்காரர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டி வைத்தார்கள். பலமான அணி. கடைசிக்கு முந்தைய ரவுண்டில் இவர்கள் குண்டை வைத்துவிட்டார்கள், ஆனால் பஞ்சர், டாக்டர், டிரைவர் மூவரும் காலி. மிச்சம் இவரும் மச்சினியும். எதிரணியிலும் இரண்டு பேர். அவர்கள் கிடங்குக்குள் வந்து குண்டைச் செயலிழக்கச் செய்ய வேண்டும்.

“வலது பக்கம். பலகை. ஒரு ஆள். மெதுவா நடக்கறான்” என்றாள் மச்சினி.

“இந்த நேரத்துல கேக்கற மாதிரி நடக்கறான்னா, நாம கேக்கணும்னு நடக்கறான். இடது பக்கம் என்ன?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “ஒண்ணுமே இல்ல அத்தான்.”

“அப்ப அங்கதான் இன்னொருத்தன்.”

இவர் இடது பக்கத்து வாசலைக் குறிபார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். சத்தமே இல்லாமல் குனிந்து வந்த ஆள் நேராகக் குறிக்குள் வந்து விழுந்தான். அதே நொடியில் வலது பக்கத்திலிருந்து வந்த தோட்டாவில் மச்சினி சாய்ந்தாள். சுட்டவன் எங்கே நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறாள், ஒரு வார்த்தை போதும். விதி விதிதான் என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

குண்டு வேகவேகமாகப் பீப் பீப் என்று அடிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் எந்தக் காதுக்கும் காலடி கேட்காது. இரண்டு காது உள்ளவனும் அவரும் ஒன்றுதான். அவன் எந்தப் பக்கம் வந்தாலும் குண்டைத் தொட்டுத்தான் ஆக வேண்டும் என்று அவர் குண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. சுட்டார்.

ஹெட்போனுக்குள் ஒரே கூச்சல். அந்த ரவுண்டு அவர்களுடையது. அடுத்த ரவுண்டையும் ஆட்டத்தையும் எதிரணி நோகாமல் எடுத்துக்கொண்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிரணிக்காரர்கள்கூடப் போகாமல் நின்று, அந்தக் கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மச்சினி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். தன் விளையாட்டில் இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதே இல்லை என்று ஒப்புக்கொண்டாள். செத்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரே ஒரு ஆளை நம்பி உட்கார்ந்திருப்பது என்ன பாடு என்று இப்போதுதான் தெரிகிறது என்றாள். அதற்காக அவளுடையது மட்டம் என்று அர்த்தமில்லை என்றும் உடனே சேர்த்துக்கொண்டாள். அவர் தலையாட்டினார். மட்டம் என்று அவரும் இப்போதெல்லாம் சொல்வதில்லை.

அதன் பிறகு வாரத்தில் சில நாள் பழசு, சில நாள் புதுசு என்று ஆகிவிட்டது. மெஷின் கோத்துவிடும் முகம் தெரியாதவர்களுக்குப் பதிலாக, சர்வர் கூட்டமே ஒரு அணியாகப் புது விளையாட்டுக்குள் இறங்கியது. டிரைவருக்கு அந்த வெளிச்சத்திலெல்லாம் கண் கூசுகிறது, அவர் பழசோடு நின்றுகொண்டார். பஞ்சருக்குத்தான் தலைகால் புரியவில்லை. முதல் ஆளாக ஓடுகிறார், சாகிறார், எழுந்து வருகிறார், மறுபடி ஓடுகிறார். இது எனக்கென்றே செய்த விளையாட்டு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆட்டம் இல்லாத சாயங்காலங்களில் அவரும் மனைவியும் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவார்கள். வீட்டு வாசலைத் தாண்டியதும் அவள் தானாகவே அவருடைய வலது பக்கம் வந்துவிடுவாள். அன்றைக்கு மருந்துக் கடைக்கு வந்த ஒருவர், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதையே மறந்துபோய் நின்ற கதையை ஆரம்பித்தாள். போனில் மனைவியைக் கேட்டால் திட்டுவாள் என்று அரைமணி நேரம் அங்கேயே யோசித்தாராம். கதை நீளமாகப் போயிற்று. தெருமுனை வந்தும் முடியவில்லை. அவர் திரும்பாமல் அடுத்த தெருவுக்குள் நடந்தார், அவள் சொல்லி முடிக்கட்டும் என்று.